டபுள் பேஸுக்குள் குடியிருந்த இரைச்சல்

பிள்ளைகளா, நம் வாத்தியப் பட்டறைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் செய்த நல்ல காரியங்கள் ஞாபகத்துக்கு வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரக் காணோம். முட்டாள்தனம் செய்த நாட்கள்தான் நான் காபி குடிக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கின்றன. அதில் ஒரு நாளைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு தப்புச் செய்தேன், ஒரு பொய் சொன்னேன், ஒரு உண்மையை மறைத்தேன். தப்பு தப்புதான். மற்ற இரண்டையும் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாத்தியம் உடைந்து வந்தால் பயப்படாதீர்கள். உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், ஒட்டிவிடலாம். 'ஜிர்ர்ர் என்று இரையுது' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் அப்போது பயப்படுங்கள். இரைச்சல் இருக்கும் இடம் ஒன்று, கேட்கும் இடம் இன்னொன்று. சென்னையில் நான் வேலை பழகிய கடையில் முதல் வாரமே முதலாளி என்னிடம் ஒரு டபுள் பேஸைக் கொடுத்தார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய வயலின் அது. நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். "இரையுது, கண்டுபிடி" என்றார். நாலு மணி நேரம் தட்டினேன், தடவினேன், திருகினேன். கடைசியில் அவர் எழுந்து வந்து, மேஜைமேல் இருந்த தன்னுடைய தகர வெற்றிலைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரைச்சல் நின்றுவிட்டது. வாய் நிறைய வெற்றிலையோடு அவர் சிரித்த சிரிப்பில் என் புதுச் சேலை பாழானது. வாத்தியத்தைத் தொடும் முன் அறையைப் பார் என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை. நானும் மறக்கவே இல்லை.

இந்தக் கதை நடந்தது அதற்கு முப்பது வருடம் கழித்து, நான் பட்டறையை விடுவதற்கு இரண்டு வருடம் முன்பு. அப்போதெல்லாம் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்திருந்தது. அந்த எண்ணம் வந்தவர்களைக் கடவுள் சும்மா விடுவதில்லை.

மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரிலிருந்து சவரிமுத்து அண்ணன் போன் செய்தார். இருபது வருடம் பயணிகள் கப்பலில் பேண்டு வாத்தியக் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர். கப்பலை விட்டு இறங்கும்போது பேஸையும் கையோடு கொண்டுவந்து, ஊர்க் கோயில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மீனா தங்கச்சி, இன்னைக்குச் சாயந்திரம் அந்தோணியார் திருவிழாப் பூசை. என் பேஸுக்குள்ள வண்டு பூந்தாப்புல இரையுது. போன வாரம் எல்லாரும் கண்ண மூடிச் செபம் பண்ணுறப்ப இரைஞ்சு, மைக் செட்டுக்காரப் பய திட்டு வாங்குனான். இன்னைக்கும் இரைஞ்சா என்னைய ஒதுக்கிருவாங்ய. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா பேஸ் சத்தம் வருதாம். இருவது வருசம் வாசிச்சவனுக்கு ஒரு பட்டன் போட்டியாம்!"

"வாரேண்ணே" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் திருவிழா வாசம். அவர் மனைவி புஷ்பம் மதினி அடுப்படியில் மீன் குழம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மருமகள் ரெஜினா முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மகன் சேவியர் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். வீட்டில் இந்த மூன்று பேர்தான். நாலாவதாக, முன்னறை மூலையில் ஒருக்களித்துப் படுத்திருந்த பேஸ். வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி, அதன்மேல் ஒரு தூசி கிடையாது. அவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"எப்பருந்துண்ணே இரையுது?" என்றேன்.

"மூணு வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம. சாயந்திரப் பயிற்சியிலதான் மொத மொதக் கேட்டேன். அதுலயும் பாருங்க, ஒரு நா இரையும், ஒரு நா இரையாது. படுக்க வச்சுத் தூக்குனா மாறிப் போகும்."

பிள்ளைகளா, மருந்துச் சீட்டையே எழுதி என் கையில் கொடுத்துவிட்டார் அவர். எந்த நாளில் ஆரம்பித்தது, எப்படி மாறுகிறது, எல்லாம் அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. கேள்வி கேட்ட நான் பதிலைக் காதில் வாங்கவில்லை. கேள்வி கேட்பது ஒரு மரியாதைக்கு என்று ஆகிப்போயிருந்தது.

அறையைச் சரிபார்த்தேன். தட்டு அடுக்கும் ஸ்டாண்டை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். மாதா சுரூபம் இருந்த கண்ணாடிப் பெட்டியை நகர்த்தினோம். காலண்டரின் தகரப் பட்டையைக் கழற்றினேன். அண்ணனின் மோதிரம், கழுத்துச் சிலுவைச் சங்கிலி, சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். வில்லை இழுத்தார். அடித் தந்தியில் ஒரு சுரம் நன்றாக எழுந்து வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'ஜிர்ர்ர்' என்று ஒரு இரைச்சலும் வந்தது.

"கேட்டீகளா?" என்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டுபவர் மாதிரி.

அப்படியானால் வாத்தியத்தில்தான். பேஸின் முகப்பில் இரண்டு பக்கமும் வளைந்த ஒலித்துளைகள் உண்டே, அதன் வழியே நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் விட்டுப் பார்த்தேன். மேலே திருப்பியதும் தெரிந்தது. பின்பலகையின் உட்புறம், கழுத்துக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு மண்ணால் ஒரு கட்டி.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "உள்ள குளவி கூடு கட்டியிருக்குண்ணே! அதான் இரையுது!"

இதுதான் நான் செய்த தப்பு. ஒரு பொருளைப் பார்த்தேன். அதுவே குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். அது இரைகிறதா என்று சோதிக்கவில்லை. அதைவிட மோசம், ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். கண்ணாடியைக் கீழே திருப்பவே இல்லை. அத்தோடு விட்டேனா? சபை நடுவே சத்தம் போட்டுச் சொன்னேன்.

அடுப்படியிலிருந்து புஷ்பம் மதினி கரண்டியோடு ஓடிவந்தார். குழம்பு தரையெல்லாம் சொட்டியது.

"கூடா? குளவிக் கூடா? நம்ம வீட்டுலயா?"

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி ரெஜினாவின் வயிற்றைப் பார்த்தார். சவரிமுத்து அண்ணனும் பார்த்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே. ரெஜினா வெங்காயத் தட்டை வயிற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி மதினி, நான் ஒரு கம்பிய விட்டு மெதுவா..." என்றேன்.

"ஆத்தாடி! கைய விடாதீக!" மதினி பேஸுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "கூடு கட்டுன சாமான அசைக்கப்படாது. உடைச்சா குடும்பத்துக்கு ஆகாது. இது இங்கனயே இருக்கட்டும்."

"ஏ புஷ்பம், சாயந்திரம் பூசைடி!"

"பூசைக்கு நீங்க போங்க. பொட்டி இருக்கட்டும்."

"நான் அங்கன போயி வாயிலயா பேஸ் வாசிக்க?"

"ஒரு நா வாசிக்காட்டி அந்தோணியாரு கோவிச்சுக்க மாட்டாரு. பாஸ்போர்ட்டு காணாமப் போனது எதுக்குன்னு இப்பத்தான எனக்கு வெளங்குது. பிள்ள உண்டாகப்போற வீட்ட விட்டு மருமக வெளிய போகப்படாதுன்னு அவருதான் மறைச்சு வச்சிருக்காரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன்தான் சுருக்கமாகச் சொன்னார். ரெஜினாவுக்குக் கத்தார் விசா வந்துவிட்டது. சேவியரிடம் போய்ச் சேர வேண்டும். இந்த நேரம் பார்த்து அவள் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. காணாமல் போன பொருளுக்கு அந்தோணியாரைத்தானே கேட்பார்கள். தினமும் மாமியாரும் மருமகளும் சேர்ந்து முழங்காலில் நின்று செபம் சொல்கிறார்களாம்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியம் மட்டும் இரைந்துகொண்டிருந்த வீடு. என் வாய் திறந்ததும் பேஸ் கோயிலுக்குப் போகக்கூடாது, மருமகள் கத்தாருக்குப் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. கடைசியில் அண்ணன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, வில்லை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கை கழுவும் சாக்கில் கொல்லைப்புறம் போனேன்.

ரெஜினா பின்னாலேயே வந்துவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் பேசினாள்.

"அக்கா, அந்தக் கூட்ட உடைச்சிருங்க. கைபட்டு விழுந்துருச்சுன்னு சொல்லிருங்க."

"உங்க அத்தை என்னைய உயிரோட பஸ் ஏத்த மாட்டாக."

"கல்யாணமாகி நாலு வருசம்க்கா. அவுக வருசத்துக்கு ஒரு மாசம் வாராக. கூட்டிக் கழிச்சுப் பாத்தா நாங்க குடும்பம் நடத்துனது நாலே மாசம். இங்கன எல்லாரும் என் வயித்தையே பாக்குறாக. அவுக கத்தார்ல கிரேன் ஓட்டிக்கிட்டு இருக்குறது குளவிக்குத் தெரியுமாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விசா இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள பாஸ்போர்ட்டு கெடைக்காட்டி மறுபடி மொதல்ல இருந்து எழுதிப் போடணும். அதுக்கு எவ்வளவு நாளாகும்னு யாருக்கும் தெரியல. இதுல இப்ப கூடு வேற."

உடைப்பது எனக்கு ஒரு நொடி வேலை. கம்பியின் நுனியால் லேசாகத் தட்டினால் போதும். கை துறுதுறுத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டை நான் உடைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும், கத்தாரில் யாருக்கு விரல் நசுங்கினாலும், அந்தப் பழி ரெஜினா தலையில்தான் வந்து விழும். நாம் ரிப்பேர் செய்துவிட்டுப் போகிறவர்கள். அங்கேயே இருக்கப்போகிறவர்கள் தலையில் எதையும் வைத்துவிட்டு வரக்கூடாது.

"பாஸ்போர்ட்ட எப்பக் கடைசியாப் பாத்த?" என்றேன், பேச்சை மாற்றுவதற்காக.

"மூணு வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழமக்கா. காலையில பீரோவுல இருந்துச்சு. பூசைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், இல்ல."

"நீயும் மாமாவும் போனீக. அத்தை?"

"அன்னைக்கு மாமாவுக்கு வாசிப்பு இல்ல, சும்மாதான் கூட வந்தாக. அத்தைக்கு முட்டி வலி. வரல."

குழாயை மூடினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. காலையில் பாஸ்போர்ட் காணாமல் போகிறது, சாயந்திரம் பேஸ் இரைய ஆரம்பிக்கிறது. தூக்கி வைத்தால் இரைச்சல் மாறுகிறது. சுவரில் ஒட்டிக் காய்ந்த மண்கூடு எங்கே இடம் மாறும்? உள்ளே ஏதோ ஒன்று தளர்வாகக் கிடந்து, தூக்கும்போதெல்லாம் சரிந்து சரிந்து இடம் மாறுகிறது. அப்போதுதான் அண்ணன் சொன்ன நாலு வாக்கியமும் என் மண்டைக்குள் போய்ச் சேர்ந்தன. அந்தக் குழாயடியில் என்னை நானே மண்டையில் ஒரு குட்டுக் குட்டிக்கொண்டேன். ரெஜினா பயந்துபோய்ப் பார்த்தாள்.

முன்னறைக்குத் திரும்பி வந்தேன். மதினி பேஸுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்.

"உடைக்க மாட்டேன் மதினி. உள்ள குளவி இருக்கா, போயிருச்சான்னு மட்டும் பாக்குறேன்."

"பாத்தாச்சுல்ல? திரும்ப என்னத்தப் பாக்க?"

கீழே குனிந்தேன். இந்த முறை முதலில் ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தேன். புதிதாக ஒரு கீறல். கீறலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் தொட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தேன், நல்லெண்ணெய். எந்த ரிப்பேர்க்காரரும் நல்லெண்ணெய் ஊற்றி டபுள் பேஸ் ரிப்பேர் செய்ததில்லை. கண்ணாடியை உள்ளே விட்டேன். மேலே கூடு. அதில் வட்டமாக இரண்டு ஓட்டை, குளவிகள் எப்போதோ பறந்துவிட்டன. கூடு கல் மாதிரி இறுகியிருந்தது. அது இரைய வாய்ப்பே இல்லை. கண்ணாடியைக் கீழே திருப்பினேன். அடிக்கட்டைப் பக்கம், விலாப்பலகையில் சாய்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் கருநீலமாக ஒன்று. டார்ச் வெளிச்சத்தில் தங்க நிறச் சிங்கங்கள் பளிச்சென்று தெரிந்தன.

நிமிர்ந்தேன். மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

அப்போது அறையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்த வேண்டிய இடம் உண்மையில் இதுதான். முன்பே தேவையில்லாமல் கத்தித் தீர்த்திருந்ததால், நல்லவேளை, இப்போது வாய் அடங்கியிருந்தது. பொய்யும் உடனே வந்தது.

"அண்ணே, இதுக்கு ஒரு முழம் சைக்கிள் டியூப் வேணும். கறுப்பு ஆகாது. சிவப்பு."

"சிவப்பு டியூப்பா?"

"சிவப்புலதான் அதிர்வு அடங்கும்."

மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு பறந்தார். உலகத்தில் சிவப்பு டியூப் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. ரெஜினாவைப் பார்த்து, "குழம்பு அடிபிடிக்கிற வாசம் வருது, கையெடுக்காமக் கிண்டு" என்றேன். அவள் மாமியாரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"மதினி, நானும் எத்தனையோ குளவிக் கூடு பாத்துட்டேன். சிங்க முத்திரை குத்துன கூட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மதினி சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "தோசக் கரண்டிய விட்டுப் பாத்தேன். எட்டல" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் அழ ஆரம்பித்தார். அழுகை நடுவிலேயே அவருக்கும் சிரிப்பு வந்தது.

"ரெண்டு நாளைக்கு ஒளிச்சு வச்சா டிக்கெட்டு தள்ளிப் போகும்னு நெனச்சேன். வேற எங்கன வைக்கிறது சொல்லுங்க? பீரோ, பான, சட்டி எல்லாம் அவ கைபடாத எடமே இல்ல. இந்தப் பொட்டியத்தான் யாரும் தொட மாட்டாக. ஓட்டையில போட்டுட்டேன். போட்டப்பெறகுதான் தெரிஞ்சுது, எடுக்க முடியாதுன்னு. அதுக்குப்பெறகு எப்படிச் சொல்ல? தெனமும் அவகூட முழங்கால்ல நின்னு, தேடிக் குடுங்க அந்தோணியாரேன்னு நானும் கேக்குறேன். அவரு என்னைய என்னன்னு நெனச்சிருப்பாரு?"

"எதுக்கு மதினி இப்படிச் செஞ்சீக?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இவுக கப்பல்லயே இருவது வருசம். எறங்கி வந்தும் இந்தப் பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. மகன் அங்கன. எனக்குன்னு பேச்சுத் துணைக்கு வந்தவ அவ ஒருத்திதான். கோவிச்சுக்குவா, எதுத்துப் பேசுவா, ஆனா பேசுவா. அவ போகட்டும், போக வேணாம்னு சொல்லல. கொஞ்சம் பிந்திப் போகட்டுமேன்னுதான்..."

நீளமான வளைகம்பியை உள்ளே விட்டு, உறையின் மடிப்பைப் பிடித்து, ஒலித்துளையின் அகலமான இடத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக வெளியே இழுத்தேன். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். இதை யார் கையில் கொடுப்பது?

நியாயமாகப் பார்த்தால் ரெஜினாவுடையது. அவளைக் கூப்பிட்டுக் கொடுத்திருந்தால் நான் நேர்மையானவள். ஆனால் அந்த நேர்மைக்கு அப்புறம் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் குழம்பு வைக்க முடியாது. அண்ணனிடம் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரியும். இரைச்சலைக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள், அதைக் கண்டுபிடித்தாயிற்று. யார் குடும்பத்தையும் பிரித்துப் பார்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட்டை மதினியின் கையிலேயே வைத்தேன்.

"இது வாத்தியத்தச் சேர்ந்த சாமான் இல்ல. உள்ள வச்சவுகதான் எடுத்துக் குடுக்கணும்."

"நான் குடுக்காமப் போயிட்டா?"

"சாயந்திரம் பூசைக்கு நானும் வாரேன். முன் வரிசையிலதான் உக்காருவேன். உங்களையே பாத்துக்கிட்டு."

அந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி. அண்ணன் மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு முழம் சிவப்பு டியூப்! எந்தக் குழந்தையின் எந்த மிதப்பு வளையத்தை அறுத்தாரோ, இன்றுவரை கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அதை பேஸின் கீழ்முனைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அவர் வில்லை எடுத்தார். அடித் தந்தியில் அதே சுரம். வீட்டுச் சுவரே முனகுவது மாதிரி எழுந்து, அலை கரையில் வந்து பரவி அடங்குவது போல் அடங்கியது. ஒரு இரைச்சல் இல்லை.

"சிவப்பு டியூப்பு!" என்றார் அண்ணன் கண் கலங்க. "இருவது வருசமா எவனும் எனக்கு இதச் சொல்லல பாருங்க!"

அன்றிலிருந்து பார்க்கிற பேஸ்காரர்களிடமெல்லாம் இரைச்சலுக்குச் சிவப்பு டியூப்தான் மருந்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் பட்டறைக்கு யாராவது சிவப்பு டியூப் கேட்டு வந்தால் சண்டை போடாதீர்கள். அது என் பாவம். கட்டி அனுப்பிவிடுங்கள்.

நான் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து புஷ்பம் மதினியின் அலறல் கேட்டது.

"அந்தோணியாரே! என் ராசாவே! அரிசிப் பானைக்குள்ள இருக்குடி ரெஜினா! ஒன் பாஸ்போர்ட்டு!"

ஓடிப்போனோம். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கூடு?" என்றார் அண்ணன் மெதுவாக.

"அது பழைய கூடு. குளவி எப்பவோ போயிருச்சாம், மீனா பாத்துட்டா" என்றார் மதினி அவசரமாக. "பேஸத் தூக்குங்க, நேரமாகுது."

கூட்டை நான் உடைக்கவில்லை. அது இரையவில்லையே, அதை எதற்குத் தொட வேண்டும்? இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சாயந்திரம் சொன்ன மாதிரியே முன் வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணன் வாசித்த வாசிப்பில் கீபோர்டுக்காரப் பையன் பட்டனை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பூசை முடிவில் நன்றி அறிவிப்புகள் வாசித்தார்கள். மூன்று வாரமாகத் தேடிய பாஸ்போர்ட்டைத் திருவிழா நாளிலேயே அரிசிப் பானையில் கண்டெடுக்கச் செய்த புனித அந்தோணியாருக்கு ஒரு குடும்பத்தின் நன்றி என்று சாமியார் வாசித்தபோது கோயிலே கைதட்டியது. நானும் தட்டினேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் ரெஜினா விமானம் ஏறினாள். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், பட்டறையில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. சுகம் விசாரித்தாள். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அரிசிப் பானையில கெடந்த பாஸ்போர்ட்டுல ஒரு அரிசிகூட ஒட்டல. உள்தாள்ல வெள்ளையா பொடி இருந்துச்சு. மாவுன்னு நெனச்சுத் தொட்டேன், விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மாமா வில்லுல தேய்ப்பாகளே, அந்த ரோசினப் பொடி."

வில்லில் தேய்க்கும் அந்தப் பொடி ஒலித்துளை வழியே உள்ளே விழுந்து படியும் என்பது வேலை தெரிந்த நமக்கே சட்டென்று தோன்றாது.

"அப்பயே தெரியுமா ஒனக்கு?"

"பானையடியில நின்னு அழுதப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்குவாக, அழுவாக. அதுக்கப்புறம் அவுக மூஞ்சிய நானும், என் மூஞ்சிய அவுகளும் எப்படிக்கா பாக்குறது? நான் ஊருக்கு வரணும்ல?"

முப்பது வருடம் தொழில் செய்து, ஒரு நாள் முழுக்க வியர்த்து நான் எடுத்த முடிவை, இவள் பானையடியில் ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கிறாள்.

"இப்ப அத்தை எப்படி இருக்காக?"

"தெனமும் காலையில போன். ஒரு மணி நேரம் வைக்க மாட்டாக. வர்ற மாசம் இங்கன வாராகக்கா, மூணு மாசத்துக்கு. அவுகளுக்கும் பாஸ்போர்ட்டு எடுத்தாச்சு."

"பத்திரமா வச்சிருக்காகளா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கிச் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

"சாமியார்கிட்டக் குடுத்து கோயில் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காகளாம்க்கா. மூணு மாசம் சோத்துக்கு வழியில்லன்னு மாமா அத எடுத்து ஒளிச்சு வச்சிருவாகளோன்னு சந்தேகமாம்."